புரட்டாசி அடைக்கலம்

“ஒரு மாசத்துக்கு இது உங்க பிரிட்ஜ்ல இருக்கட்டும் டிரெசரய்யா. புரட்டாசியில என் வீட்டுல கவுச்சி ஆகாது.”

“கவலைப்படாமப் போங்க மங்களம். ஒரு துண்டு கொறையாது.”

ஆறு வருடமாக இதே பேச்சுதான். பக்கத்து வீட்டு மங்களம் ஆறு பொட்டலம் ஆட்டுக்கறியைக் கொடுப்பாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசராக இருந்து ஓய்வு பெற்ற ஆம்புரோஸ், மருந்துப் புட்டி மாதிரி அவற்றில் தேதி எழுதி ஒட்டி, மாதம் முடிந்ததும் அப்படியே திருப்பித் தருவார்.

அவர் மனைவியை இழந்தவர், அவள் கணவனை. இந்தத் தடவை பொட்டலங்களைத் தரும்போது, தொண்டையிலேயே நிற்கும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அதற்கு முன்னால் பிரிட்ஜ் பளிச்சென்று இருக்க வேண்டாமா?

புரட்டாசி முடிந்த மறுநாள் காலை, சுவிட்சை அணைத்தார். பொட்டலங்களைப் பின்வாசலில் ஒரு பேசினில் வைத்தார். மேல்தட்டில் பனி பாறையாக இறுகியிருந்தது. சுடுதண்ணீர் வைத்துப் பார்த்தார். அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒரு குத்து.

‘உஸ்ஸ்ஸ்...’

மெக்கானிக் சீனிக்குப் போன் போட்டார்.

“குத்துனீங்களாண்ணே?”

“லேசாத்தான்.”

“லேசாக் குத்துனாலும் கேஸ் போச்சுலா! புதுசு வாங்கிருங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கடைசிப் பொட்டலத்தை இரண்டு பூனைகள் வேலிக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன.

ஆறு பொட்டலத்தைக் காப்பாற்றத் தெரியாதவனை நம்பி எந்தப் பெண் வருவாள்? பத்து காஜா டவுன் சந்தைக்கு மோட்டார் சைக்கிளை விரட்டினார்.

“சன்னாசி, ஒரு மாசத்துப் பழைய கறி இருக்கா?”

கறிக்கடை சன்னாசியின் கத்தி அந்தரத்தில் நின்றது. “என் கடையில பழைய கறின்னு எந்தப் பய சொன்னான்?”

வரிசையில் நின்ற இரண்டு பேர் நழுவினார்கள். செய்த பாவத்துக்கு, அவர்கள் பங்கையும் இவரே வாங்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்து, அவசரமாகப் பொட்டலம் கட்டி, போன மாதத் தேதியை எழுதி ஒட்டிக்கொண்டிருந்தபோதே மங்களம் வந்துவிட்டாள். கூடவே மகள் சாந்தினி. ஈரம் பட்டு, எழுதிய மை மேசையெல்லாம் ஓடியது.

மங்களம் எண்ணிப் பார்த்தாள். “ஆறு குடுத்தேன், ஒம்போது இருக்கே. கறி குட்டி போட்டுருச்சா டிரெசரய்யா?”

இனி மறைக்க எதுவும் இல்லை. ஸ்க்ரூ டிரைவர், பூனை, சன்னாசி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

“இதைச் சொன்ன வாயால அதையும் கேக்குறது தப்புதான். ஆனா இன்னொரு வருசம் என்னால தாங்காது. மங்களம், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”

மங்களம் முகம் சிவக்க, முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். சாந்தினிதான் பெருமூச்சு விட்டாள்.

“அப்பாடா! அம்மா கவுச்சியை விட்டே ஏழு வருசமாச்சு அங்கிள். நீங்க ஆக்கிச் சாப்பிடுவீங்கன்னுதான் வருசா வருசம் வாங்குறாங்க; நீங்க பத்திரமாத் திருப்பிக் குடுக்குறதை நான்தான் தின்னு தீக்குறேன்!”