கண்ணாடிச் சாமிக்கு வந்த சம்மன்

கண்ணாடிச் சாமி வீட்டு வாசலில் விடியும்போதே கூட்டம் நெரியும். காணாமல் போன மோதிரம், காணாமல் போன மோட்டார் சைக்கிள், காணாமல் போன மாப்பிள்ளை, எதுவானாலும் சாமி தன் கைக்கண்ணாடியை உற்றுப் பார்ப்பார். எடுத்தவன் முகம் அதில் தெரியுமாம். நம் வீட்டுக் கண்ணாடிக்கு மட்டும் ஏனோ அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஒரு நாள் பக்தர்களை முண்டிக்கொண்டு நீதிமன்ற ஊழியர் ஒருவர் வந்தார்.

"சம்மன். சாட்சி சொல்ல வரணும். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சாமி."

முக்காலமும் அறிந்தவருக்கு முகம் வெளிறிப்போனது.

விஷயம் இதுதான். மாடி வீட்டம்மாவின் சங்கிலி தொலைந்தது. எடுத்தது அவர் வீட்டு டிரைவர் என்று கண்ணாடி பார்த்துச் சொன்னார் சாமி. சங்கிலி கிடைக்கவில்லை, டிரைவர் மட்டும் ஜெயிலுக்குப் போனார். இப்போது டிரைவரின் வக்கீலம்மா சாமியையே சாட்சிக்கு அழைத்துவிட்டார்.

அன்று முழுக்கச் சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

"காய்ச்சல்னு எழுதிக் குடுத்துட்டா?" என்றார் மனைவியிடம்.

"அப்புறம் வாரண்ட் வரும். ஏங்க, ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, இது வர்றது உங்களுக்குத் தெரியலையா?"

"வாயை மூடு. கண்ணாடி தூசியா இருந்துச்சு."

நீதிமன்றத்திலும் பக்தர் கூட்டம். முன் பெஞ்சில் மாடி வீட்டம்மா, கடைசி பெஞ்சில் டிரைவரின் மனைவி. கூண்டில் டிரைவர், சட்டைக்குள் ஆளே இல்லாததுபோல் மெலிந்து நின்றார். சாமி அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்.

உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுத்ததும் வக்கீலம்மா கேட்டார்: "டிரைவர்தான் எடுத்தாருன்னு எப்படித் தெரியும்?"

"கண்ணாடியில முகம் தெரிஞ்சுதும்மா."

"நல்லது. காலைல இந்த அறைக்குள்ள என் வாட்ச் காணாம போச்சு. யார் எடுத்தாங்கன்னு பாருங்க."

சாமி நீதிபதியைக் கெஞ்சலாகப் பார்த்தார்.

"பாருங்களேன். எனக்கும் ஆசையாத்தான் இருக்கு" என்றார் நீதிபதி.

கண்ணாடியை எடுத்தார். தெரிந்ததெல்லாம் சொந்த நெற்றி வியர்வைதான். பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டது: "யார் மேலயாச்சும் சந்தேகம் இருக்காம்மா?"

"அதோ, கதவுகிட்ட நிக்கிற கோர்ட்டு டவாலி மேல கொஞ்சம்..."

சாமிக்கு உயிர் வந்தது. "அவனேதான்! சட்டைப் பையில இருக்கு!"

"ஐயா, என் சட்டையில பையே இல்லீங்க!" என்று அலறினார் டவாலி.

வக்கீலம்மா கறுப்பு அங்கியின் கையைச் சுருட்டினார். வாட்ச் அவர் மணிக்கட்டில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. அறையே சிரித்தது. டிரைவரின் மனைவி சிரிக்கவில்லை.

"மாடி வீட்டம்மாகிட்டயும் இதே கேள்வியைத்தானே கேட்டீங்க? பொய்ச் சாட்சிக்கு ஜெயில், ஞாபகம் இருக்கட்டும்" என்றார் வக்கீலம்மா.

சாமி கண்ணாடியை மடியில் செருகிக்கொண்டார். "ஆமாம்மா... டிரைவர் மேலதான் சந்தேகம்னு அவங்களே சொன்னாங்க. அதையே நான் திருப்பிச் சொன்னேன்."

வேறு ஆதாரம் எதுவும் இல்லை. டிரைவருக்கு விடுதலை. மாடி வீட்டம்மா வாய் திறந்து ஏதோ சொல்ல வந்தார்; டிரைவரின் மனைவி நிற்காமல் கணவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்.

வராந்தாவில் ஒரு பக்தர் பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார்: "சாமிக்கு இன்னைக்கு நேரம் சரியில்ல. அடுத்த தெருவுல ஒருத்தரு தண்ணியில பார்க்கிறாராம், போலாமா?"

கண்ணாடிக்குள் தேடியாயிற்று, இனித் தண்ணீருக்குள் தேடுவார்கள். சொந்த மண்டைக்குள் ஒருமுறை தேடிப் பாருங்களேன், ஐயா! அங்கே ஒன்று உபயோகிக்காமலே கிடக்கிறது.