மார்க்கண்டர் கழுவிய கிணறு

நம்மூரில் ஓர் இனம் உண்டு. மூக்கால் உலகத்தை அளக்கும் இனம். மணந்தால் சுத்தம், நுரைத்தால் மகா சுத்தம், கண் எரிந்தால் பரம சுத்தம் என்பது அவர்களுடைய சமயம். குடாநாட்டுத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகக் கம்பஸுக்குப் பின்னொழுங்கையில் குடியிருக்கும் மார்க்கண்டரைப் பாருங்கள்.

காலையில் தேவாரம் முடிந்ததோ இல்லையோ, மலகூடத்துக்கு நீலம், முற்றத்துச் சீமெந்துக்கு வெள்ளை, வாசற்படிக்கு எலுமிச்சை வாசம், யாராவது செருப்போடு நின்றுவிட்டுப் போன இடத்துக்கு மறுபடியும் வெள்ளை என்று கழுவும் திரவத்தைப் போத்தல் போத்தலாகக் கவிழ்த்து, தும்புத்தடியால் உரஞ்சி, அந்தத் தண்ணீர் முழுவதையும் கிணற்றடி வாழைக்குத் திருப்பிவிட்டால்தான் அவருக்குத் தேத்தண்ணீர் இறங்கும். ஒரு மூடி போதும் என்று போத்தலில் எழுதியிருக்கும். அது சோம்பேறிகளுக்காம்!

வாழை கருகியது. யாரோ கண் வைத்த நாவூறு என்றார். தவளைச் சத்தம் நின்றது. நல்லதாய்ப் போச்சு என்றார்.

ஆனால் கிணறு அவருக்கு மட்டும் சொந்தமா? பங்குக் கிணறு. அடுத்த வளவுப் பத்மாவதி அந்தத் தண்ணீரில்தான் சமைக்கிறார், மகளின் கைக்குழந்தையையும் குளிப்பாட்டுகிறார். ஒருநாள் அவர் வேலியோரம் வந்து நின்றார்.

"மார்க்கண்டண்ணை, தண்ணி சவர்க்காரம் மணக்குது. குழந்தைக்கு மேலெல்லாம் தடிச்சுப்போச்சு. உந்தக் கழுவின தண்ணியைக் கிணத்தடிக்கு விடாதேங்கோ."

"மணக்குதெண்டால் சுத்தமெண்டுதானே, தங்கச்சி!"

"கீழை முழுக்கச் சுண்ணாம்புக் கல்லண்ணை. ஊத்திறதெல்லாம் ஊறிக் கிணத்துக்கைதான் இறங்கும்."

மார்க்கண்டர் இரவெல்லாம் யோசித்தார். குழந்தைக்குத் தோல் தடிக்கிறதென்றால் கிணற்றில் அழுக்கிருக்கிறது என்று கண்டுபிடித்தார். விடிந்ததும் நாலு போத்தலைக் கிணற்றின் உட்சுவரில் ஊற்றி, நீண்ட தடியில் துணி கட்டித் தேய் தேய் என்று தேய்த்தார். தண்ணீர் முழுக்க நுரை மிதந்தது. அவருக்குக் கண் கலங்கியது. பக்தியோ, காரமோ, யாருக்குத் தெரியும்?

இப்போது பத்மாவதி குழந்தையைக் குளிப்பாட்ட இரண்டு ஒழுங்கை தள்ளிப் போய் வாளியில் தண்ணீர் சுமந்து வருகிறார். மார்க்கண்டரோ கடைத் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டு போவோர் வருவோரை மறித்துக் கதைக்கிறார்.

"தோட்டஞ் செய்யிறவங்கள் உரத்தைக் கொட்டி எங்கடை தண்ணியை நாசமாக்கிப்போட்டாங்கள்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் அப்படியில்லைதான். உங்கள் போத்தலில் பச்சை இலைப் படம் போட்டிருக்கிறதே! நாளை காலை முற்றம் கழுவியதும், அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டும் ஒருதரம் எட்டிப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் யாருடைய பிள்ளை குளிக்கிறது?