வேணாம் அக்காவின் சாப்பாட்டு ஆப்

வேலை செய்து பெயர் வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலையை வெட்டி வெட்டியே பெயர் வாங்கியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். 'வேணாம்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனியையே காப்பாற்றலாம் என்று காட்டிய அந்த மகராசிக்கு எங்கள் ஆபீஸ் வைத்த பெயர், வேணாம் அக்கா. உண்மையில் என்னைவிட இளையவர். ஆனால் அந்தச் சொல்லை அவர் சொல்லும் தோரணையைக் கேட்டால் எவருக்கும் வாயில் அக்கா என்றுதான் வரும்.

ஆபீஸ் பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூஜைச் சாமான் கடைக்கு மேல்மாடியில். சாம்பிராணி வாசத்துக்கு நடுவே நாங்கள் செய்துகொண்டிருந்தது, வேலை வேலை என்று ஓடுகிறவர்களுக்கு மதியம் என்ன சாப்பிடலாம் என்று யோசனை சொல்லும் ஆப். அதில் வரும் வாசகங்களை எழுதுவது என் வேலை. திரை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் டிசைனராக வந்து சேர்ந்தார் அக்கா. தினமும் கிள்ளானிலிருந்து ரயில் பிடித்து வருவார்.

முதல் நாளே பாஸ் தன் கனவுத் திரையை அவருக்குக் காட்டினார். பாஸ் தங்கமான மனிதர். ஆனால் கேள்வி கேட்பதில் குடிநுழைவு அதிகாரிகூட அவரிடம் பாடம் படிக்கலாம். எவ்வளவு செலவழிப்பீர்கள், எத்தனை கலோரி, காரம் எவ்வளவு, இன்று மனநிலை எப்படி என்று திரைக்குப் பின் திரையாக நீண்டுகொண்டே போகும்.

"எப்டிம்மா இருக்கு?" என்றார் பாஸ் பெருமையாக.

"வேணாம் பாஸ்."

"எது வேணாம்?"

"எல்லாமே. பசியில இருக்கிற ஆளுகிட்ட மூட் எப்டின்னு கேட்டா, இருக்கிற மூடும் போயிடும் லா."

பாஸ் சிரித்தார். அக்கா யார் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை பாஸ் கீழே தெருவில் இரண்டு லோரிகளுக்கு நடுவே காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். அக்கா போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"பாஸ், காரம் எவ்ளோ வேணும்? கம்மியா, மீடியமா?"

"என்னது? இரும்மா, பின்னால இடிக்குதா பாரு!"

"கலோரி எவ்ளோ பாஸ்?"

"லோரி இடிக்குதா பாரும்மா!"

"சரி பாஸ், இன்னிக்கு மூட் எப்டி?"

பாஸ் போட்ட சத்தத்தில், மூட் எப்படி என்று அந்தத் தெருவுக்கே கேட்டது. அந்தக் கலவரத்தில் சாலையோரம் வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்பு ஒன்று காரின் அடியில் போய்விட்டது. அக்கா குனிந்து அதை வெளியே இழுத்து, தூசியைத் தட்டி, பழைய இடத்தில் வைத்தார்.

"பிஸியா இருக்கிறவங்க இப்டித்தான் பாஸ் இருப்பாங்க. நம்ம ஆப் இவங்களுக்குத்தானே?"

அன்று மாலையே பாதிக் கேள்விகள் காணாமல் போயின.

மீதிப் பாதியை ஒழிக்க அவர் கிள்ளானுக்குப் பக்கத்தில் தொழிற்சாலைகள் நிறைந்த மேருவுக்குப் புறப்பட்டார். துணைக்கு என்று என்னையும் இழுத்துப் போனார். ஒரு தொழிற்சாலை வாசலில், ஷிப்ட் மாறும் நேரத்தில் போனைக் கையில் பிடித்தபடி நின்று, வெளியே வருகிறவர்களை எல்லாம் மறித்து, "சாப்ட்டீங்களா? என்ன சாப்டப் போறீங்க?" என்று கேட்டார். காவலாளி ஓடி வந்தார்.

"அக்கா, இங்க இன்சூரன்ஸ் விக்கக் கூடாது லா."

"இன்சூரன்ஸ் இல்லண்ணே. நீங்க என்ன சாப்ட்டீங்க?"

வேலைக்கு வந்த நாளாக யாரும் அந்தக் காவலாளியிடம் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. நாங்கள் உட்காரத் தன் நாற்காலியையே கொடுத்துவிட்டார்.

அங்கேதான் லெட்சுமி என்ற சூப்பர்வைசர் வந்து மாட்டினார். அக்கா கேட்டதும் பொரிந்து தள்ளிவிட்டார். "காலைல பிள்ளைங்களுக்கு என்ன, மாமியாருக்கு என்ன, ராத்திரிக்கு என்ன, எல்லாம் நாந்தான் யோசிக்கணும். எனக்குன்னு ஒரு வேளைக்கு வேற யாராச்சும் யோசிச்சு, இதச் சாப்பிடுன்னு சொன்னா போதும் லா. கல்லக் குடுத்தாலும் கடிச்சுக்குவேன்!"

ரயிலில் திரும்பும்போது அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். கண் கலங்கியிருந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்கத் துணிச்சல் இல்லை.

மறுநாள் அவர் கொண்டுவந்த திரையைப் பார்த்து பாஸுக்கு மயக்கமே வந்தது. ஒரே ஒரு சாப்பாட்டின் படம். கீழே 'சரி' என்று ஒரு பட்டன், 'வேற' என்று ஒரு பட்டன். அவ்வளவுதான்.

"இத்தனை பேருக்குச் சம்பளம் குடுத்து, ரெண்டே பட்டனா?"

"மூணாவது வேணாம் பாஸ்."

பாஸ் விடவில்லை. வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடுகிறவர்களுக்காவது ஒரு பக்கம் வேண்டும், மதம், விரதம், கிழமை எல்லாம் கேட்க வேண்டும் என்று நின்றார். அக்கா அசையவில்லை. "வெள்ளிக்கிழமைன்னா மொதல்ல சைவம் காட்டுவோம். 'வேற' அமுக்கினா மட்டன் காட்டுவோம். ஏன்னு கேக்க வேணாம். அது அவங்களுக்கும் சாமிக்கும் உள்ளது." அந்த வெள்ளிக்கிழமை மதியம் பாஸ் சத்தமில்லாமல் 'வேற' அமுக்கியதை நான் பார்த்தேன். அதோடு விவாதம் முடிந்தது.

இவ்வளவு 'வேணாம்' சொன்னவர் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அதைச் சொல்ல மாட்டார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சோற்று வாளி வந்தால், பரிமாறுகிறவர் கை சலிக்கும் வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் அந்த நாள் வந்தது. பங்சாரில் ஒரு பெரிய கம்பெனி தன் ஊழியர்களுக்காக எங்கள் ஆப்பை எடுத்துக்கொள்வதாக இருந்தது. எடுத்தால் பிழைப்போம். எடுக்காவிட்டால் ஆண்டுக் கடைசியில் ஆபீஸ் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான். மதிய உணவுக்கு முன்னால் செயல்விளக்கம். கூடம் நிறைய ஆட்கள், கையில் போன், கழுத்தில் பெயர் அட்டை. முன்வரிசையில் அவர்களுடைய தலைமை அதிகாரி. எல்லாரும் அவரை மேடம் என்றார்கள்.

பாஸ் பேச ஆரம்பித்ததும் எங்கள் சர்வர் படுத்துவிட்டது. திரை வந்தது, பட்டன் வந்தது. என்ன சாப்பாடு என்று முடிவு செய்கிற மூளை மட்டும் செத்துப்போனது. அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, கண்ணாடிக் கதவு போட்ட, டீ கலக்கும் பேன்ட்ரிக்குள் நுழைந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"நீங்க கழுத்து அட்டையில பேரைப் படிங்க. நான் ஆளைப் பாத்து அனுப்புறேன்."

"கையாலயா?"

"வேற எதால?"

நான் படித்தேன். அவர் கண்ணாடி வழியே ஒரு பார்வை பார்ப்பார், தட்டுவார். "குமார்? நீலச் சட்டையா? தூங்கி வழியிறாரு. மீ சூப், சூடா." "ஐனி? காலையில இருந்தே சாப்டல, முகத்தப் பாருங்க. நாசி லெமாக்." கூடத்தில் 'சரி', 'சரி' என்று விழுந்துகொண்டே இருந்தது. யாரோ கை தட்டினார்கள். மழையில் நிற்கிறவனைப் போல மெய்சிலிர்த்து நின்றேன்.

மேடம் மட்டும் 'வேற' அமுக்கினார். தோசை அனுப்பினோம், மறுபடி 'வேற'. சோறு, 'வேற'. சூப், அதுவும் 'வேற'. அக்காவின் விரல் நின்றது. மேடத்தின் இரண்டு கையிலும் இரண்டு போன். யாரோ காதில் குனிந்து ஏதோ கேட்க, இன்னொருவர் கையெழுத்துக்குக் காகிதம் நீட்டினார். அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாப்பாட்டின் பெயர் இல்லாமல் தட்டினார்: 'கீழே கடைக்குப் போய் தனியாக உட்காருங்கள். எதைக் கொடுத்தாலும் சாப்பிடுங்கள். அதற்குள் ஒன்றும் முழுகிப் போய்விடாது.'

மேடம் படித்தார். எழுந்தார். இரண்டு போனையும் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பாஸின் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. கூட்டமும் அப்படியே கலைந்து சாப்பிடப் போயிற்று.

நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது மேடம் திரும்பி வந்தார். முகத்தில் தெளிவு.

"தனியா உக்காந்து எப்ப சாப்ட்டேன்னே ஞாபகம் இல்ல. அந்த மெசேஜை யார் எழுதினது?"

பாஸ் நிமிர்ந்தார். "எங்க ஏஐ, மேடம். ரொம்ப..."

"வேணாம் பாஸ்."

அக்கா பேன்ட்ரி வாசலில் நின்றார். "பொய் வேணாம். மெஷின் நின்னுடுச்சு மேடம். எல்லாத்தையும் நாந்தான் தட்டினேன்."

ஆபீஸ் சாவி கட்டடக்காரர் கைக்குப் போவதை நான் மனக்கண்ணால் பார்த்துவிட்டேன்.

"அப்ப, காசு குடுத்தா நீங்களும் சேர்ந்து வருவீங்களா?" என்றார் மேடம்.

"நான் ஒருத்திதான் மேடம். உங்க ஆளுங்க எத்தனை பேரு!"

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "இவங்க பேன்ட்ரிக்குள்ள போகாம ஆப் வேலை செய்யுற அன்னிக்கு வாங்க. பாக்குறேன்," என்றார். தீபாவளி கழிந்து போனோம். வேலை செய்தது. எடுத்துக்கொண்டார்கள். யாரும் பணக்காரர் ஆகவில்லை. ஆபீஸ் மட்டும் பிழைத்தது.

அக்காவின் கணவருக்கு ஜொகூருக்கு மாற்றலாகிவிட்டது. அக்காவும் போய்விட்டார். இப்போது அங்கே ஒரு வங்கியில், விண்ணப்பப் பாரங்களைச் சீர்செய்கிறாராம். அந்தப் பாரங்களில் இனிப் பெயரும் கையெழுத்தும் மட்டுமே மிஞ்சும் என்று பேசிச் சிரித்துக்கொள்கிறோம். அவர் இடத்துக்கு வந்திருப்பவர் கெட்டிக்காரர், பண்பானவர், என்ன சொன்னாலும் தலையாட்டுகிறார். அவர் ஆட்டும்போதெல்லாம் பாஸும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். ஒரு தடவையாவது யாராவது எங்களை மறுத்துப் பேச மாட்டார்களா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.