ரேடியேட்டரில் மஞ்சள்தூள்

கார் ஓட்டத் தெரிந்தவனெல்லாம் காரைத் தெரிந்தவன் அல்ல. இந்த உண்மை எனக்கு இருபத்தாறாம் வயதில், புக்கிட் தீமா சாலையோரத்தில், வருங்கால மாமனாரின் வெள்ளைச் சட்டை மஞ்சளாக மாறிய நேரத்தில்தான் விளங்கியது. அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். அப்படி ஒரு மண்டைக்கனம்.

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், கடைவீட்டு மாடியில் அக்கா குடும்பத்தோடு இருந்தேன். துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. அத்தானிடம் ஒரு பழைய இங்கிலாந்துக் கார் இருந்தது. ஞாயிறுதோறும் அதை நான் கழுவினேன். பதிலுக்கு அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்தான். அதற்குள் ஆபீசில் எவனுடைய மோட்டார் சைக்கிள் முரண்டு பிடித்தாலும் குனிந்து பார்த்து, "கார்புரேட்டர்" என்று சொல்லிவிட்டு வருவேன். (பத்துக்கு இரண்டு தடவை அது கார்புரேட்டராகவே இருந்துவிடும். அந்தத் தெம்புதான்.)

அந்த நேரத்தில் கடற்பாலத்துக்கு அக்கரை ஜொகூர் பாருவிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக எழுதியிருந்தார்கள். கடிதத்தில் இரண்டு விஷயம் அடிக்கோடிட்டிருந்தது. ஒன்று, அவர்கள் சுத்த சைவம், முட்டை வாசம்கூட ஆகாது. இரண்டு, நாலரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் எங்கள் வாசல்படியைத் தாண்டிவிட வேண்டும். தவறினால் சகுனம் சரியில்லை என்று அப்படியே திரும்பிவிடுவார்கள்.

"கவலைய விடுங்க, மாப்பிள்ளையே சொந்தக் கார்ல வந்து கூட்டிட்டுப் போவார்" என்று தரகர் அவர்களிடம் அளந்துவிட்டிருந்தார். சொந்தக் கார் என்று நான் சொல்லச் சொல்லவில்லை. "அப்படிச் சொல்லிட்டேன்" என்று அவர் வந்து நின்றபோது மறுக்கவும் இல்லை.

புதன்கிழமை ரேடியேட்டரைத் திறந்தால் தண்ணீர் பாதிதான் இருந்தது. நிரப்பினேன். வியாழன் மறுபடி பாதி. தரையில் படுத்துப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் கிடையாது. சரி, எண்ணெயாவது ஒழுங்காக இருக்கிறதா என்று அளவுக் குச்சியை உருவினால், எண்ணெய் போன வாரத்தைவிட ஏறியிருந்தது! நிறம்கூட வெளுத்து, பால் விட்ட காப்பி மாதிரி பளபளப்பு. ஊரில் எல்லார் காரும் எண்ணெயைக் குடிக்கும்போது எங்கள் கார் எண்ணெய் தயாரிக்கிறது என்று பூரித்துப்போனேன். அத்தானிடமும் பெருமையாகச் சொன்னேன். அவரும் பூரித்தார். (அவருக்கும் அவ்வளவுதான் தெரியும். என் குரு.)

பக்கத்து மேசை ரஹீமிடம் தண்ணீர் விவகாரத்தைச் சொன்னேன்.

"ஓட்டை இருக்கும்லா. ஒரு முட்டைய உடைச்சு ரேடியேட்டர்ல ஊத்து. சூட்டுல வெந்து அடைச்சுக்கும்."

நல்ல யோசனைதான். ஆனால் சுத்த சைவக் குடும்பத்தை, உள்ளே முட்டை வெந்துகொண்டிருக்கும் காரில் ஏற்றுவதா? கல்யாணத்துக்குப் பிறகு என்றைக்காவது வாய் தவறி உளறிவிட்டால்? இரண்டு ராத்திரி தூக்கம் போயிற்று. சனிக்கிழமை அடுப்படியில் அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, சைவமா எதாவது ஓட்டைய அடைக்குமா?"

"மஞ்சத்தூள் போடு. கை வெட்டுனா ரத்தமே நிக்குது, தண்ணி நிக்காதா?"

இதற்கு எதிராக எனக்கு ஒரு வாதமும் தோன்றவில்லை. ஒரு பொட்டலம் மஞ்சள்தூளை அப்படியே கொட்டினேன். காலையில் எஞ்சின் வேறு கொஞ்சம் இருமியது நினைவுக்கு வர, இருமலுக்காக இரண்டு கரண்டி மிளகுத்தூளும் சேர்த்தேன்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ஜொகூரில் அவர்களை ஏற்றிக்கொண்டேன். பெண்ணின் அப்பா துணிக்கடைக் கணக்கர்; தும்பைப்பூ வேட்டி, சட்டை, கூடவே ஒரு கைக்கடிகாரம். மணிக்கட்டில் கட்டினால் அடிக்கடி பார்க்க வசதியில்லையாம், கையிலேயே பிடித்திருந்தார். அம்மா பின்சீட்டில் பேசாமல் வந்தார்.

பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸ் வரை வண்டி சமர்த்தாக வந்தது. பிறகு பின்னால் வெள்ளைப் புகை கிளம்பியது. கண்ணாடியில் பார்த்தேன், சாலையே தெரியவில்லை. அத்தான் குள்ளம் என்பதால் ஓட்டுநர் இருக்கையில் தடித்த பஞ்சு மெத்தை ஒன்றைக் கட்டிவைத்திருந்தார். "எதையும் மாத்தாதே" என்ற கட்டளையோடுதான் சாவி தந்தார். நான் ஆறடி. குழிக்குக் குழி என் தலை கூரையில் இடித்தது.

"தம்பி, மணி மூணே முக்கால்."

"போயிடலாங்க."

"தம்பி, மூணு நாப்பத்தொம்பது."

புக்கிட் தீமா மேட்டில் வண்டி திணறியது, முனகியது, நின்றது. முன்பக்கம் முழுக்க ஆவி. அதோடு ஒரு மணம். பசியெடுக்கும் மணம்.

நாலரை ஆனால் என் வாழ்க்கை போயிற்று என்ற பதற்றத்தில் குதித்து இறங்கினேன். பானெட்டைத் தூக்கினேன். பெண்ணின் அப்பா கடிகாரத்தோடு என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"தம்பி, மூடியத் தொடாதீங்க!" என்று பின்சீட்டிலிருந்து அந்த அம்மாவின் குரல் முதல்முறையாக வந்தது.

அதற்குள் கைக்குட்டையைச் சுற்றித் திருகிவிட்டேன்.

மூடி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. மஞ்சளும் மிளகும் கொதித்து ஆள் உயரத்துக்குச் சீறின. நான் பின்னால் விழுந்து தப்பினேன். அவர் இரண்டடி பின்வாங்கினார், ஆனாலும் மேலே போனது ஆறிக்கொண்டே மழையாக அவர்மேல் இறங்கியது. நல்லவேளை, சூடு படவில்லை. நிறம் பட்டது. தலை முதல் வேட்டிக் கரை வரை மஞ்சள்.

அவர் கடிகாரத்தின் கண்ணாடியைத் துடைத்து மணி பார்த்தார். "நாலு" என்றார். பிறகு அடுக்கடுக்காகத் தும்மினார்.

அந்த அம்மா இறங்கி வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, அளவுக் குச்சியை உருவினார்.

"எத்தன நாளா தண்ணி குறையுது?"

"அஞ்சு நாளா."

"கீழ சொட்டுச்சா?"

"இல்லீங்க."

"எண்ணெ ஏறுச்சா?"

"ஆமாங்க!" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"காணாமப் போன தண்ணி எங்க போச்சுன்னு யோசிக்கவே இல்லையா? எஞ்சினுக்குள்ள தண்ணியையும் எண்ணெயையும் பிரிக்கிற தகடு, ஹெட் கேஸ்கட், போயிருச்சு தம்பி. தண்ணி எண்ணெயில கலக்குது, மிச்சம் புகையாப் போவுது. அதுல நீங்க ரசம் வெச்சு ரேடியேட்டரையும் அடைச்சுட்டீங்க." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கப்பாவுக்கு ரெண்டு லாரி. வாசல்லதான் பிரிச்சுப் போடுவாங்க. ஆமா, இது யாரு வண்டி?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் எனக்கு இல்லை என்று முடிவாகிவிட்டது போலிருந்தது, இனி எதற்குப் பொய்?

"அத்தானோடதுங்க. எனக்குக் காரும் இல்ல, காரப் பத்தி ஒண்ணும் தெரியவும் தெரியாது. முட்டை ஊத்தச் சொன்னாங்க, நீங்க சைவம்னு மஞ்சள் போட்டேன்."

"உங்க வண்டியா இருந்தா அந்த மெத்தைய எப்பவோ தூக்கி எறிஞ்சிருப்பீங்க. வழி பூரா தலை இடிக்குதே, பாத்துக்கிட்டுத்தான் வந்தேன்" என்றார். சிரிக்கவில்லை. திரும்பிச் சாலையில் இறங்கிக் கைகாட்டினார்.

கங்கோங் கீரை ஏற்றிய லாரி ஒன்று நின்றது. சீனக் கிழவர் எங்கள் மூவரையும் பார்த்தார், மஞ்சள் மனிதரைக் கூடுதலாகப் பார்த்தார். அந்த அம்மா மலாயில் இரண்டு வார்த்தை பேச, "போலே, போலே" என்று சம்மதித்து ஏறச் சொன்னார். அம்மா முன்னால் ஏறிக்கொண்டார். கீரைக் கூடைகளுக்கு நடுவில் நானும் பெண்ணின் அப்பாவும். அவர் வழி நெடுகத் தும்மலுக்கு நடுவே மணி சொல்லிக்கொண்டே வந்தார்.

நாலு இருபத்தேழுக்கு வாசல். அக்கா ஆரத்தி எடுக்க ஆலம் கரைத்த தட்டோடு நின்றாள். வந்தவர் ஏற்கெனவே குளித்தே வந்திருப்பதைப் பார்த்துத் தட்டை எங்கே சுற்றுவது என்று தெரியாமல் விழித்தாள்.

"உள்ள வாங்க, அப்புறம் சுத்திக்கலாம்" என்று அந்த அம்மா தன் கணவரைப் படி தாண்டித் தள்ளினார். "கல்யாணத்துல தெளிக்கிற மஞ்சத்தண்ணிய மாப்பிள்ளை இன்னிக்கே தெளிச்சுட்டாரு. இனி எங்க திரும்பிப் போறது?"

அப்போதுதான் அவர் என்னை முதல் தடவையாக மாப்பிள்ளை என்றார். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய் அழுதேன்.

காருக்குப் புது கேஸ்கட் போட்டார்கள். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிய சீனப் பட்டறைக்காரர் முகர்ந்துபார்த்து, இதில் என்ன சமைத்தாய் என்று மலாயில் கேட்டார். அத்தான் பிறகு எனக்குச் சாவி தரவில்லை. கழுவும் வேலை மட்டும் தொடர்ந்தது.

இத்தனை வருடமாகியும் எங்கள் வீட்டில் ரசப் பாத்திரத்தைத் திறக்கும் உரிமை எனக்கு இல்லை. பசியில் நான் கை நீட்டினால் போதும், என் மனைவி தன் அம்மாவின் குரலிலேயே சொல்வாள்:

"மூடியத் தொடாதீங்க!"

பேரப்பிள்ளைகள் உடனே இரண்டடி பின்வாங்கி, ஒரே நேரத்தில் தும்முவார்கள்.