பேட்டரிக்காரர் எழுதிய குறிப்புகள்

தருமபுரி மாவட்டத்தில் மனிதர்களுக்குப் பெயர் என்று ஒன்று இருப்பதையே ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் பேட்டரிண்ணாதான். அவருக்கு எல்லோரும் ரத்த வகை. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்களை எனக்கு இப்படி அறிமுகம் செய்தார்: "இவரு ஓ நெகட்டிவ்வுங்க. எதுத்தாப்புல மீசை வெச்சவரு ஏ பாசிட்டிவ். மாப்பிள்ளை இன்னும் டெஸ்ட் பண்ணல." அந்தக் காரணத்துக்காகவே அந்தக் கல்யாணத்தின் மேல் அவருக்குக் கடைசிவரை திருப்தி வரவில்லை.

அவர் பெயரும் யாருக்கும் தெரியாது. பைபாஸ் ஓரத்தில் லாரி பேட்டரி கடை, அதனால் பேட்டரிண்ணா. தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்தால் போலீசுக்கு அடுத்த போன் இவருக்குத்தான் வரும். ரத்தம் கொடுக்கிறவர்களுக்கென்று ஒரு வெப்சைட் வைத்திருந்தார். மாவட்டம் முழுக்க ஆயிரத்துச் சொச்சம் பேர் அதில் உண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் தவித்து நிற்பவர்கள் ஊரையும் வகையையும் தட்டினால் நம்பர் வந்துவிடும்.

அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன். பி நெகட்டிவ். சேர்ந்த அன்று ஊசியைப் பார்த்ததும் கண் இருட்டி நர்ஸ் மேலேயே சரிந்தேன். ஒரு சொட்டு எடுக்கவில்லை. அதற்குப் பிறகு பேட்டரிண்ணா எப்போது போன் செய்தாலும் "சேலத்துல இருக்கேண்ணா" என்பேன். "சரிங்க, பாத்துப் போயிட்டு வாங்க" என்பார். என் ஆபீஸ் அவர் கடைக்கு நேர் மேல் மாடியில் இருந்தது. கல்யாண மண்டபங்களுக்கும் அரிசி ஆலைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது என் பிழைப்பு.

அவருடைய வெப்சைட்டை எப்போதோ ஒரு என்ஜினீயரிங் மாணவர் செய்து கொடுத்துவிட்டு அமெரிக்கா போய்விட்டார். அது ஓடிய சாஃப்ட்வேரை அதைச் செய்தவர்களே கைகழுவிப் பல வருஷம். எவனோ உள்ளே புகுந்துவிட்டான். பென்னாகரத்துக்காரர் ஒருவர் மனைவியின் பிரசவத்துக்கு ஏ நெகட்டிவ் தேடித் தட்டினால் சீட்டாட்ட விளம்பரம் வந்து நின்றது. பின்னாலேயே சர்வர்க்காரர்களின் கடிதமும் வந்தது: இந்த மாதக் கடைசிக்குள் சாஃப்ட்வேரை மாற்றாவிட்டால் தளத்தை நிறுத்திவிடுவோம்.

கடிதத்தோடு மாடியேறி வந்தார்.

"இதை மாத்தணுங்க."

"மாத்தலாம்ணா. மூணு வாரம் ஆவும்."

"பத்து நாள்தான் இருக்குது." டிபன் கேரியரை என் மேஜையில் வைத்தார். "முடியற வரைக்கும் நான் எங்கயும் போவல."

போகவும் இல்லை. முதல் நாளே கரண்ட் போனது. ஆள் வைத்து இரண்டு லாரி பேட்டரிகளையும் ஒரு இன்வெர்ட்டரையும் மாடிக்கு ஏற்றி என் கம்ப்யூட்டருக்கு இணைப்புக் கொடுத்தார். "இதை வெச்சு லாரி காஷ்மீருக்கே போவுது. உங்க கம்ப்யூட்டரு போவாதுங்களா?" என்றார். அதற்கப்புறம் கரண்ட் போச்சு என்று சொல்லி ஒரு டீக்குக்கூட நான் எழுந்திருக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் ஒரு சிக்கல் வந்தது. பெயர், ஊர், வகை, போன் நம்பர் நான்கும் புது சாஃப்ட்வேருக்கு ஒழுங்காக ஏறிவிட்டன. பழையதில் 'குறிப்பு' என்று ஐந்தாவதாக ஒரு கட்டம் இருந்தது. அவருக்கு மட்டும் தெரிகிற கட்டம். பத்தி பத்தியாக எழுதி வைத்திருந்தார். புது சாஃப்ட்வேர் அதை ஏற்க மறுத்தது.

"குறிப்பை மட்டும் தூக்கிடலாமாண்ணா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த களி உருண்டையைத் தட்டில் வைத்தார். "மீதி நாலையும் தூக்கிக்குங்க. அதை வைங்க."

"போன் நம்பர் இல்லாம என்ன பண்ணுவீங்க?"

"நம்பரு எனக்கு மனப்பாடமுங்க. யாரை எப்படிக் கூப்பிடணும்ங்கறதுதான் அதுல இருக்குது. எனக்கு ஒண்ணு ஆனா நாளைக்கு எவன் வந்து சொல்லுவான்?"

'விவரம்' என்று ஒரு பொதுக் கட்டத்தைத் திறந்து அத்தனை குறிப்புகளையும் அதில் கொட்டினேன். எதையும் படிக்கவில்லை. படிக்க எனக்கு ஏது நேரம்?

அவர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சரிபார்த்தார். "நல்லபடியா வந்து சேந்துட்டீங்களா?" "எங்கண்ணா?" "புதுசுக்கு." "நான் கடலைக்காட்டுல இல்ல இருக்கேன்." "அங்கயே இருங்க. இங்க வந்துட்டீங்க." ஆயிரத்துச் சொச்சம் பேரிடமும் இதே உரையாடல்.

கெடுவுக்கு முந்தின நாள் காலை ஒன்பது மணிக்குப் புதுத் தளத்தைத் திறந்தோம். பத்தரைக்குக் கடை வாசலில் கூட்டம். 'விவரம்' கட்டத்தை மறைக்க நான் மறந்துவிட்டேன். பேட்டரிண்ணா பத்து வருஷமாக யாரைப் பற்றி என்ன எழுதினாரோ, அத்தனையும் உலகத்துக்கே தெரிந்தது.

பாலக்கோடு தக்காளி மண்டிக்காரருக்கு: 'பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். முதலில் ரத்தம் எடுத்துவிட்டு அப்புறம் பேச விடவும்.' காரிமங்கலம் டெய்லருக்கு: 'எடை போதாது. எடை மெஷினில் ஏறும்போது கத்தரிக்கோலைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். சோதிக்கவும்.' டெய்லர் எடைச் சீட்டோடு வந்திருந்தார். "அது போன வருசம். இப்ப அம்பத்தி ரெண்டு கிலோ. கத்தரி வூட்டுல இருக்குது. வேணும்னா இப்பவே எடுங்க" என்று சட்டைக் கையை மடித்தார். மண்டிக்காரர் இன்னொரு பக்கம், "நான் அதிகமாப் பேசறவனா?" என்று முக்கால் மணி நேரம் கேட்டார்.

ஓர் அம்மா நேராகப் பேட்டரிண்ணாவின் மேஜைக்கு வந்தார். அவர் வீட்டுக்காரரின் குறிப்பு: 'மனைவிக்குத் தெரியாமல் வருவார். வீட்டு நம்பருக்குக் கூப்பிட வேண்டாம்.'

"பதினாலு தடவை குடுத்திருக்காராமே. என்கிட்ட பெங்களூருக்குச் சரக்கு எடுக்கப் போறேன்னாரு."

"ஆமாங்க."

"என்னையும் சேத்துக்குங்க."

"உங்க குரூப்புங்க?"

"தெரியாது."

"கோவத்தப் பாத்தா பி பாசிட்டிவ் மாதிரி இருக்குது" என்று எழுதிக்கொண்டார்.

நான் மாடிக்குப் போய் அந்தக் கட்டத்தை மறைத்துவிட்டுக் கீழே வந்தேன். "தப்பு என்னோடதுண்ணா. எல்லாத்தையும் அழிச்சிடட்டுமா?"

"தப்பிருந்தா திருத்துவேன். அழிக்க மாட்டேன்" என்றார். அன்று முழுக்க நின்றபடியே திருத்தங்களை வாங்கினார். அவர் எழுதியது பொய் என்று நிரூபிக்கவே அந்த வாரம் பலர் ரத்தம் கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. மாடிக்கு ஓடி என் பெயரைத் தட்டினேன்.

'ஊசி என்றால் பயம். சேலத்தில் இருக்கிறேன் என்பார். மாடியில்தான் இருப்பார். யாரும் கேலி செய்ய வேண்டாம். வேறு ஆளே இல்லை என்றால் மட்டும் கூப்பிடவும். வந்துவிடுவார்.'

வெட்கமாக இருந்தது. கீழே போனேன். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னோடதத் திருத்தணும்ணா."

"எதுங்க தப்பு?"

"கடைசி வரி. நான் ஒரு தடவையும் வந்ததில்லையே."

"வருவீங்க" என்றார், தலையைத் தூக்காமல்.

மூன்று வாரம் கழித்துத் தொப்பூரில் ஒரு வேன் கவிழ்ந்தது. போன் அடித்தது. "எங்கங்க இருக்கீங்க?" சேலம் என்று வாய்வரை வந்தது.

"மாடியிலதாண்ணா."

"எறங்கி வாங்க. வண்டிய எடுக்கறேன்."

ஊசி ஏறும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மண்டிக்காரரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மயங்கி விழவில்லை.

மறுநாள் என் குறிப்பைப் பார்த்தேன். சேலம் பற்றிய பழைய வரிகளெல்லாம் போயிருந்தன. ஒரே வரிதான் இருந்தது: 'கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.' அதை வேறு யார் வேண்டுமானாலும் செய்யலாம், அதற்காகத்தான் எழுதியே வைத்திருக்கிறார். ஆனாலும் நான் ரத்தம் கொடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் கடையைச் சாத்திவிட்டு அவர்தான் வருகிறார்.