சீசன் பெயர்ச்சிப் பலன்

குருப்பெயர்ச்சி கேள்விப்பட்டிருப்பீர்கள். சனிப்பெயர்ச்சிக்குப் பயந்து எள் விளக்கும் ஏற்றியிருப்பீர்கள். சீசன் பெயர்ச்சி தெரியுமா? தெரியாதா? போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் பக்கம் வந்திருந்தால் தெரிந்துகொண்டிருக்கலாம்.

ஒரு கல்யாண மண்டபம். வாசலில் செருப்புக் குவியல். உள்ளே பெண்ணாடம், குறிஞ்சிப்பாடி, மேல்பட்டாம்பாக்கம் என்று மாவட்டமே திரண்டிருந்தது. மாப்பிள்ளை கிடையாது, பெண் கிடையாது. ஆளுக்கொரு கைபேசி, அதன் நெற்றியில் விபூதிப் பட்டை. பக்தி முற்றியவர்கள் சார்ஜ் போடுகிற ஓட்டையில் குங்குமத்தையே அடைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அருள் உள்ளே போனதோ இல்லையோ, கரண்ட் போகாது என்பது நிச்சயம்.

மேடையில் பேனர்: ‘கோட்டைக்களம் புதிய சீசன் பெயர்ச்சிப் பலன்கள்! எட்டுத் திசைக்கும் எட்டுப் படை! அருள்வாக்கு: களச்சித்தர்.’

கோட்டைக்களம் என்பது கைபேசி விளையாட்டு. எட்டுப் பேர் ஒரு ஆட்டத்தில் இறங்குவார்கள். எட்டுப் பேருக்கும் பொதுவாக ஒரு கடை. அதில் யானை வரும், வில்லாளி வருவான், பூதம் வரும், நாகம் வரும். வருவதில் வேண்டியதை வாங்கிக் கட்டத்தில் நிறுத்த வேண்டும். அதோடு உங்கள் வேலை முடிந்தது. படை தானாகவே சண்டை போடும். கடைசிவரை நிற்பவருக்கு முதலிடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீசன் மாறும். நேற்றுவரை வெளுத்து வாங்கிய யானை இன்று நோஞ்சானாகிவிடும். எது பலம், எது பலவீனம் என்று நாலு ஆட்டம் ஆடித் தோற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

தோற்றுப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? அங்கேதான் களச்சித்தர் அவதரித்தார்.

பூர்வாசிரமத்தில் அவர் பெயர் செந்தமிழ்செல்வன். கைபேசி உறை விற்றுக்கொண்டிருந்தார். யாரிடமும் இல்லாத ஒரு பழைய மாடல் போனுக்கு மூட்டை மூட்டையாக உறை வாங்கிப்போட்டு மாட்டிக்கொண்டவர், ஒருநாள் அந்த உறைகளின் மேல் சக்கரம் வரைந்தார். அன்றைக்கே அது ரட்சை ஆயிற்று. போனுக்குப் பொருந்தவில்லையே என்று கேட்டவர்களிடம், மஞ்சள் நூலால் சேர்த்துக் கட்டச் சொன்னார். கட்டினார்கள். கட்டுகிற ஆள் இருக்கும்வரை நூலுக்கு என்ன பஞ்சம்?

வரிசையில் நம்ம ராஜ்கமலும் நின்றான். கடலூரில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளன். வாடிக்கையாளர் ஒரு டைல்ஸைக் காட்டி ‘நல்லது’ என்று சொன்னால் போதாது, தட்டிப் பார், நனைத்துப் பார், வெயிலில் வைத்துப் பார் என்று பாடம் நடத்துகிறவன். அப்படிப்பட்டவன் இங்கே எதையும் தட்டிப் பார்க்காமல் வந்து நின்றதற்குக் காரணம், வரப்போகும் மாவட்டப் போட்டி. ஜோடி ஜோடியாக ஆடும் போட்டி. அவன் ஜோடி மேரி ஷாலினி.

ஷாலினி கடலூர் முதுநகர்ப் பெண். மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மூன்று சீசனாக இருவரும் சேர்ந்துதான் ஆடுகிறார்கள். ஆட்டத்தில் தொடங்கியது ஆட்டத்தோடு நிற்கவில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அவளுக்கும் சம்மதம்தான். அவன் வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை. அம்மா தங்கம்மாளோ அவன் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வடலூர் ஜோசியரிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

அதற்கு முந்தின வாரம் முன்பதிவுக்குப் போனபோது சித்தர் கேட்டார். “கூட ஆடுறது யாரு?”

“ஷாலினி சாமி. மேரி ஷாலினி.”

“நட்சத்திரம்?”

“அவுங்க வீட்ல அதெல்லாம் பாக்கறதில்ல சாமி.”

சித்தர் கண்ணை மூடினார். திறந்தார். “நட்சத்திரம் இல்லாத பொண்ணு. ஜோடி சேந்தா படை படுத்துரும். மாத்திரு.”

மாற்றிவிட்டான். ஷாலினிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, பெரிய தியாகம் செய்தவன்போல மூஞ்சியையும் தூக்கி வைத்துக்கொண்டான். அன்று சாயங்காலமே அவள் டைல்ஸ் கடைக்கு வந்து நின்றாள்.

“அந்தாளு என்ன ஏன் வேணாங்குறாரு தெரியுமா? அவரு குரூப்ல ஒரு கேள்வி கேட்டேன். ஜெயிச்சவங்க வீடியோவா போடுறீங்களே, தோத்தவங்க எத்தன பேருன்னு கேட்டேன். ஒடனே தூக்கிட்டாரு.”

“சாமிய கேள்வி கேக்கலாமா ஷாலு? நீ மட்டும் வேளாங்கண்ணிக்கு நடந்து போறல்ல?”

“போறேன். மாதா எனக்கு எந்தப் படைய வாங்கணும்னு சொன்னதில்ல.”

(நடந்து போகிற விஷயத்திலும் நமக்குச் சில கேள்விகள் உண்டு. இருக்கட்டும், இப்போது அவள் நம்ம கட்சி.)

ஷாலினி கிளம்பும்போது திரும்பினாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

“கேம்ல ஜோடி சேரவே நட்சத்திரம் கேக்குற. நாளைக்கு உங்கம்மா கேட்டா என்ன சொல்லுவ?”

அந்தக் கேள்வி அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்தாலும் என்ன, ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிட்டான்.

வரிசை நகர்ந்தது. காணிக்கைத் தட்டைத் தாண்டினால் சித்தர். காதோடு காதாகத்தான் உபதேசம். ராஜ்கமலின் காதில் வெற்றிலை வாசனையோடு அருள் இறங்கியது.

“மேற்கு. நாகப்படை. மேற்கால பாத்து உக்காந்து ஆடு. மொத எடம் ஒனக்குத்தான். யாருகிட்டயும் சொல்லாத, சொன்னா பலிக்காது. தோத்தா அதயும் வெளிய சொல்லாத, அடுத்த சீசனும் போயிடும்.”

கவனித்தீர்களா? ஜெயித்தவரை அவரே வீடியோ போடுவார், தோற்றவர் வாயை மூட வேண்டும். இதைவிடச் சிக்கனமான விளம்பரம் உலகத்தில் உண்டா?

உபதேசம் முடிந்தவர்கள் வரிசை கலையாமல் அப்படியே பந்திக்குப் போனார்கள். ராஜ்கமலுக்கு இந்தப் பக்கம் ஆரோக்கிய ஜெகன். கடலூர் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி கணக்கர். அந்தப் பக்கம் குறிஞ்சிப்பாடி ராஜமாணிக்கம். ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார், பேரன் தூங்கியபிறகு அவன் போனில் ஆடிப் பழகியவர். சாம்பார் வந்தது. ஊற்றிய கையை ராஜ்கமல் நிமிர்ந்து பார்த்தான். ஷாலினி.

கல்யாண மண்டபத்தில் நீ யார் வீட்டு ஆள் என்று யார் கேட்கப் போகிறார்கள்? வாளியைத் தூக்கினால் நீங்களும் வீட்டு ஆள்தான்.

“நல்லா சாப்புடுங்க,” என்றாள் அவள், அவனைத் தவிர எல்லோரையும் பார்த்து. “சாப்ட்டு முடிச்சி நீங்க எட்டு பேரும் சேந்து கேம்ல ஒரே ரூம் போட்டு ஒரு ஆட்டம் ஆடலாமே? பக்கத்துல பக்கத்துல இருக்கீங்க, சரியா எட்டு பேரு.”

“ஆடலாமே!” என்றார் வாத்தியார். “ஆடலாம்! ஆடலாம்!” என்றது பந்தி. ஒருவர்கூடத் தயங்கவில்லை. முதலிடம் கையில் இருக்கும்போது யார் தயங்குவார்?

மேடையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த சித்தரை ஷாலினியே அழைத்து வந்தாள். “சாமி, இவங்க எட்டு பேரும் ஒண்ணா ஆடப் போறாங்க. ஆசீர்வாதம் பண்ணுங்க.”

பாயசம் பாதித் தொண்டையில் நின்றது. “பக்தருங்க பக்தருங்களோட மோதக் கூடாதும்மா. தோஷம்.”

“சரி, ஆட வேணாம். ஆடுனா யாரு மொதல்ல வருவாங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

சித்தர் வாயைத் திறக்குமுன், ரகசியம் என்பதையே மறந்து வாத்தியார் கையைத் தூக்கினார். “நாந்தான். எனக்குத்தான் சொல்லியிருக்காரு.”

“எனக்கும் அதான் சொன்னாரு,” என்றார் ஜெகன்.

அப்புறம் ஒவ்வொரு கையாக ஏறியது. எட்டாவதாக, சாம்பார் சொட்டச் சொட்ட, ராஜ்கமலின் கை.

“ஒனக்குமா தம்பி?” என்றார் வாத்தியார்.

“ஆமா சார். உங்களுக்குமா?”

ஒரு நாற்காலியில் எட்டுப் பேரை உட்காரச் சொன்ன மாதிரி எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தர் சமாளித்தார். “யாருக்கு நம்பிக்கை ஜாஸ்தியோ, அவங்களுக்குத்தான்!”

“அப்பிடின்னா ஆடியே பாத்துருவோம்,” என்றார் வாத்தியார்.

ஆடத் தொடங்குமுன்பே கூத்து தொடங்கிவிட்டது. ஆளுக்கொரு திசையைச் சொல்லியிருந்தாரல்லவா? கிழக்கே பார்ப்பவர் வாத்தியாருக்கு முதுகைக் காட்டினார். தென்மேற்குக்காரர் தூணுக்குள் மூஞ்சியைப் புதைத்தார். ராஜ்கமல் மேற்கே திரும்பினான். அந்தப் பக்கம் கை கழுவும் இடம். சரி, உட்காருவது மேற்கு. நாகத்தைக் கட்டத்தில் எந்தப் பக்கம் நிறுத்துவது? போனை நேராகப் பிடித்தால் ஒரு பக்கம் மேற்கு, படுக்கப் போட்டால் வேறு பக்கம் மேற்கு.

“சாமி, நாகம் முன்னால நிக்கணுமா, பின்னால நிக்கணுமா?”

“மேற்கால!”

“போன திருப்புனா மேற்கு மாறுது சாமி.”

“திருப்பாத!”

ஆட்டம் ஓடியது. ராஜ்கமலின் முறை வந்தபோதெல்லாம் கடையில் நாகம் வரவில்லை. வில்லாளிகள் வந்தார்கள், மறுபடி மறுபடி வந்தார்கள். ‘வந்தத வாங்குடா, எதிர்ல இருக்கறவன் என்ன வாங்குறான்னு பாருடா’ என்று ஷாலினி மூன்று சீசனாகத் தலையில் அடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. ஆனால் காதில் இன்னும் அருள்வாக்கு ஈரமாக இருந்ததே! வில்லாளிகளை அனுப்பிவிட்டு நாகத்துக்காகக் காத்திருந்தான். காத்திருந்தவன் ஆறாவது இடத்தோடு வெளியேறினான். வாத்தியார் அதற்கும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்.

ஜெயிப்பவரை வீடியோ எடுக்கச் சித்தரின் சீடன் போனைத் தூக்கிப் பிடித்தபடி தயாராக நின்றான். அவனைக் காட்டித்தான் ஷாலினி உரக்கச் சொன்னாள்.

“பாத்துக்குங்க. எட்டு பேருகிட்ட எட்டு விதமா சொன்னா, எவனோ ஒருத்தன் ஜெயிச்சுத்தான் ஆவணும். அவன் வீடியோ ராத்திரி வரும். மத்த ஏழு பேரு வீட்ல வாய மூடிகினு இருப்பீங்க. இதான் இவரு சக்தி. நான் ரத்தம் டெஸ்ட் பண்றவ. நல்ல ரிசல்ட்ட மட்டும் எடுத்துக் காட்னா எங்க லேப்ப மூடிடுவாங்க.”

கடைசியில் ஜெகன் ஜெயித்தார். சித்தர் துள்ளினார். “பாத்தீங்களா! தெற்கு! யானைப்படை! நான் சொன்னது பலிச்சிதா?”

“நான் யானையே வாங்கலீங்க,” என்றார் ஜெகன், பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷன். “கடையில வரல. வந்தத வாங்கி வச்சேன். தெற்கயும் பாக்கல, அங்க ஃபேன் காத்து வரல.”

மண்டபம் சிரித்தது. ராஜ்கமல் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு வேறொன்று உறுத்தியது.

“அண்ணே, உங்களுக்கு நட்சத்திரம் என்ன?”

“எனக்கேது? ஞானஸ்நானம் குடுத்த தேதிய சொன்னேன். அதுவே போதும்னுட்டாரு.”

ராஜ்கமலுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஐஸ் கம்பெனிக் கணக்கருக்குத் தேவைப்படாத நட்சத்திரம் ஷாலினிக்கு மட்டும் தேவைப்பட்டதா? கேள்வி கேட்ட வாயைக் கழற்றிவிட ஒரு சாக்கு. அதை நம்பி, தன்னை நம்பியவளைத் தானே கழற்றிவிட்டான். சித்தர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த அருவருப்பு பெரிதாக இருந்தது. தன் போனில் ரட்சையைக் கட்டியிருந்த மஞ்சள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். உறையை எடுத்து சித்தரின் பாயச டம்ளருக்குள் போட்டான்.

“இதுக்காவது பொருந்துதா பாருங்க.”

தோற்றவர்கள் ஏழு பேரும் எழுந்து நின்றார்கள். இதுவரை எத்தனையோ ஏழு பேர் தோற்றிருக்கிறார்கள், ஆனால் தனித்தனி ஊரில், தனித்தனி வீட்டில், வெட்கத்தோடு. ஒரே இடத்தில் அவர்கள் சேர்ந்தது இதுதான் முதல் தடவை. வாத்தியார் விசிலடிக்கிற குரலில் கேட்டார். “எனக்கும் மொத எடம்னு எதுக்குய்யா சொன்ன?” மண்டபம் முழுக்க அதே கேள்வி கிளம்பியது. சித்தர் எட்டுத் திசையில் எதற்கும் பலன் பார்க்காமல், சமையல்கட்டு வழியாகப் போய்விட்டார்.

எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். “இருந்தாலும் யாரோ ஒருத்தரு ஜெயிச்சாருல்ல?” என்று வாசலில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார், கையில் புது ரட்சையோடு.

கடலூர் பஸ்ஸில் ஷாலினி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் உட்கார ராஜ்கமலுக்குத் தைரியம் வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“தப்புதான் ஷாலு. மறுபடி ஜோடி சேரலாமா?”

“கேம்லயா?”

அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அம்மா. பஸ் புதுச்சத்திரம் தாண்டிக்கொண்டிருந்தது. இரைச்சலில் காது கேட்காதென்று தங்கம்மாள் பஸ்ஸுக்கே கேட்கும்படி பேசினார்.

“டேய், வடலூர் ஜோசியரு ஒரு பொண்ணு ஜாதகம் பாத்துட்டாரு. பத்துக்கு எட்டு பொருத்தம்! இதவிட ஒசத்தியா அமையாதுன்றாரு!”

ஷாலினி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பஸ்ஸுக்குள் பாதிப் பேர் ராஜ்கமலைப் பார்த்தார்கள்.

“அம்மா, அவரு இதே மாதிரி இன்னும் எத்தன பேருகிட்ட சொல்லியிருக்காரு? அதுல ஒத்துப்போவாதவங்க எத்தன பேருன்னு கேட்டியா?”

“என்னாடா பேசற?”

“பொருத்தத்த நானே பாத்துகினேன். அவளுக்கு நட்சத்திரம் கெடையாது. பேரு மேரி ஷாலினி. வீட்டுக்கு வந்து சொல்றேன், அதுக்குள்ள அழுதுடாத.”

போனை வைத்தான். ஷாலினி ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. ஆனால் பக்கத்து சீட்டில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதற்கு அருள்வாக்கு தேவையில்லை. நமக்கு ஒன்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. கோட்டைக்களத்தில் நிறுத்திவைத்தால் படை தானாகச் சண்டை போடும். உங்கள் தலைக்குள் இருப்பது அப்படியில்லை ஐயா, அதை நீங்கள்தான் ஓட்ட வேண்டும்.