கிடாரத்தார் தட்டிப் பார்த்த மோட்டர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிடாரத்தார் தட்டிப் பார்க்காத பொருள் ஒன்று மிஞ்சியிருந்தால் அது கடலாகத்தான் இருக்கும். அதையும் பருத்தித்துறைப் பக்கம் போன நாளொன்றில் ஆளில்லாத நேரம் பார்த்து ஒரு தட்டுத் தட்டியிருப்பார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பூசணிக்காய், பலாப்பழம், கதவு, மதில், பக்கத்துக் கடைக்காரரின் புதுத் தொலைக்காட்சி, எதுவானாலும் நடுவிரலை மடக்கி அதன் கணுவால் இரண்டு தட்டு. பிறகு காதைச் சரித்து, கண்ணை மூடி, தீர்ப்பு. "நல்ல சத்தம்" என்றால் அந்தப் பொருளுக்கு ஆயுள் கெட்டி. "வெறுமை" என்றால் தங்கமாக இருந்தாலும் அவருக்கு அது வேண்டாம்.

எல்லாம் தொழில் கொடுத்த பழக்கம். நெல்லியடிச் சந்தைக்குப் பின்னால் இருந்துகொண்டு, கலியாணவீடு, செத்தவர்களுக்கான அந்தியேட்டி, கோயில் அன்னதானம் எல்லாவற்றுக்கும் பெரிய சமையல் கிடாரங்களை வாடகைக்குக் கொடுப்பவர் அவர். கிடாரத்தில் விழுந்த மெல்லிய கீறல் கண்ணுக்குத் தப்பும், அவருடைய காதுக்குத் தப்பாது. அந்தக் காதை வைத்துக்கொண்டு முழு உலகத்தையும் சோதித்தார். ஊருக்கு அவர் கிடாரத்தார்தான், சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. "என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் முதல் எங்கடை வீட்டுத் தூணைத்தான் தட்டிப் பாத்தவர்" என்று அவருடைய மனைவி பவளமக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

நான் அவருடைய கிடாரக் கொட்டிலுக்கு அடுத்ததாக ஒரு கொமினிகேசன் நடத்தினேன். போட்டோப்பிரதி, இன்ரநெற், வெளிநாட்டுக்குப் படம் அனுப்புவது போன்ற வேலைகள். கடை திறந்த முதல் நாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய என் தலையில் டொக் டொக் என்று ஒரு தட்டு.

"தம்பி, உள்ளுக்கை வெறுமை."

"அண்ணை, உது ஹெல்மெற்."

"ஹெல்மெற்றை ஆர் சொன்னது?"

அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

கிடாரங்கள் போய்வருவதற்கென்று அவரிடம் ஒரு மூன்று சில்லுப் பாரச் சைக்கிள் இருந்தது. முன்னால் இரண்டு சில்லு, அதன் மேல் பலகைத் தட்டு, பின்னால் ஒற்றைச் சில்லும் இருக்கையும். தட்டில் கிடாரங்களைக் கவிழ்த்து அடுக்கினால் ஓட்டுபவரைக் காண முடியாது. கிடாரங்கள் தாமாகவே சந்தி திரும்பி வீதியால் வருவதைப் பார்த்துப் பழகாத வெளியூர்க்காரர் திகைத்து நிற்பார்கள். பெற்றோல் வரிசைக் காலத்தில் லொறியும் ஓட்டோவும் படுத்துவிட, முழு வடமராட்சிக்கும் அவர் ஒருவரே ஓடினார். அந்த ஓட்டத்தில் அவருடைய முழங்கால் இரண்டும் போயின.

பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இனி பாரம் வைத்து மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கிடாரத்தார் கடைக்கு வந்து, மர வாங்கில் குந்தி, தன் முழங்காலைத் தானே தட்டிக் கேட்டார். "ஓம் தம்பி. டொக்டர் சொன்னது சரி. கீறல் விழுந்திட்டுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சாவகச்சேரியில் லொறி வைத்திருந்த ஒருவர் கிடாரங்களை மொத்தமாக விலைக்கு எடுப்பதற்கு ஏற்கனவே கேட்டிருந்தார். மரமோ வீடோ இல்லாத, நீரேரியோரத்து வல்லைவெளிக்கு அப்பால் ஒரு அம்மன் கோயிலில் ஆனியில் அன்னதானம். இடம்பெயர்ந்திருந்த வருடங்களைத் தவிர ஒரு வருடமும் அவருடைய கிடாரங்கள் அங்கே போகாமல் இருந்ததில்லை. ஆனிக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. அதற்குள் ஒரு வழி கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதாகப் பவளமக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

வழி நோர்வேயிலிருந்து வந்தது. அங்கே இருக்கும் அவருடைய மருமகன் ஒருநாள் என் கடை ஃபோனில் படத்தோடு கதைத்தான். அங்கெல்லாம் பாரச் சைக்கிளுக்கு மின்சார மோட்டர் பூட்டி ஓடுகிறார்களாம். அதைக் கேட்டதும் கிடாரத்தாரின் கண் விரிந்தது.

"மாமா, மோட்டரைத் தெரிவு செய்யிறதுக்கு முதல் ஒண்டு சொல்லுங்கோ. உங்கை எவ்வளவு ஏத்தம்?"

"ஏத்தமோ? கோயில் வாசல்படி மூண்டு இருக்கு."

"மலை இல்லையெண்டால் சின்ன மோட்டர் காணும், மாமா."

கிடாரத்தாருக்கு மூக்கின் மேல் கோபம். "மலை இல்லையடா, காத்து இருக்கு! சோளகத்துக்கை வல்லைவெளியைக் கடந்து பார், அப்ப தெரியும்!"

மருமகன் பொறுமையான பிள்ளை. காற்று எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு கணக்குத் தந்தால் தான் பார்த்துச் சொல்வதாகச் சொன்னான். மறுவாரம் சோளகக்காற்று எழும்பியதும், சந்தையில் மீன் நிறுக்கிற வில்லுத் தராசு ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு நாங்கள் வல்லைவெளிக்குப் போனோம். கிடாரம் ஏற்றிய சைக்கிளைக் காற்றுக்கு எதிரே நிறுத்தி, அதன் முன்னால் என் மோட்டார் சைக்கிளை விட்டு, இரண்டையும் கயிற்றால் கட்டி, நடுவில் தராசைக் கொழுவினோம். காற்று சைக்கிளைப் பின்னால் தள்ள, தராசு முள் பதினான்கு கிலோவில் நின்று நடுங்கியது. அந்த வழியால் வந்த வான்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டினார்.

"என்னண்ணை நிறுக்கிறியள்?"

"காத்து!"

"கிலோ என்ன விலை?"

மருமகன் சைக்கிள், கிடாரம், ஆள் எல்லாவற்றின் பாரத்தையும் கேட்டுக் கணக்குப் போட்டான். "மாமா, நீங்கள் சொன்னது சரி. நூறு மீற்றருக்கு ஐஞ்சு மீற்றருக்கு மேலை ஏறுற மாதிரி. உது மலைதான்." அன்று பின்னேரமே கிடாரத்தார் நெல்லியடி முழுக்கச் செய்தி பரப்பினார். வல்லையில் மலை இருக்கிறதாம், நோர்வேக்காரரே ஒத்துக்கொண்டுவிட்டார்களாம்.

மருமகனின் சிபாரிசு தெளிவாக இருந்தது. வேகம் வேண்டாம், இழுவைதான் வேண்டும். பெடலடியில் பூட்டுகிற மோட்டருக்கு இந்தப் பழைய செயின் தாங்காது. ஆகையால் பின்சில்லின் நடுவே இருக்கிற, உள்ளே பல்சக்கரம் வைத்த மோட்டர். பற்றரி லிதியம்.

யாழ்ப்பாணம் ரவுனில் அந்தச் சாமான்கள் விற்கிற கடையைத் தேடிப் போனோம். கடைக்காரர் கறுத்த, வட்டமான மோட்டர்கள் மூன்றை மேசையில் வைத்தார். நான் பயந்தது நடந்தது. டொக் டொக்.

"ஐயா, உது தேங்காய் இல்லை."

கிடாரத்தார் அசையவில்லை. இரண்டாவது மோட்டரை மறுபடியும் தட்டினார். "இதுக்குள்ளை ஏதோ விட்டுப்போச்சு."

"பெட்டி உடைக்காத புதுச்சாமான், ஐயா!"

"புதுசோ பழசோ, கழண்டிருக்கு."

கடைக்காரருக்கு ரோசம் வந்துவிட்டது. நாலு வாடிக்கையாளர் முன்னிலையில் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒட்டியிருக்க வேண்டிய காந்தத் துண்டுகளில் ஒன்று விட்டுப்போய் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தன் கைத்தொலைபேசியை நீட்டி, "ஐயா, இதையும் ஒருக்கா" என்றார்.

வினை அங்கேதான் பிடித்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவரோடு வாதாட எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. லிதியம் பற்றரியைத் தட்டினார். பிளாஸ்டிக் பெட்டி, மொத்தென்று ஒரு சத்தம். "வெறுமை." பக்கத்தில் இருந்த ஈயப் பற்றரியைத் தட்டினார். கல்லு மாதிரி. "இதெல்லோ பற்றரி!" மருமகன் சொன்னதை நான் மெல்ல நினைவூட்டினேன். அவர் என் ஹெல்மெற்றைப் பார்த்த பார்வையில் பேச்சை விட்டுவிட்டேன். நல்ல சத்தம் வந்த மோட்டர் ஒன்றும் ஈயப் பற்றரி நாலும் வாங்கினோம். பற்றரி நாலும் சேர்ந்து ஒரு ஆள் தூக்கமாட்டாத பாரம்.

முதல் ஓட்டம் நெல்லியடிக்குள் அமர்க்களமாக இருந்தது. மிதிக்காமல் போகிற கிடாரங்களைப் பார்க்கச் சந்தைச் சனம் தெருவுக்கு வந்தது. சந்தோசத்தில் அப்படியே வல்லைவெளிக்கு விட்டார். நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். வெளியின் நடுப்பகுதிக்குப் போகிறதற்கிடையில் காற்றோடு மல்லுக்கட்டிய பற்றரிகள் நாலும் மூச்சை விட்டுவிட்டன. சைக்கிள் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் நகரத் தொடங்கியது. திருப்பிவிட்டதுதான் தாமதம், கிடாரங்களில் காற்றுப் பிடித்து, மோட்டரும் இல்லாமல் மிதியும் இல்லாமல் வண்டி வீட்டுப் பக்கம் ஓடியது.

மூன்று நாள் கொட்டில் திறக்கவில்லை. பவளமக்கா மதிலால் எட்டி, "ஒண்டையும் தட்டுறாரும் இல்லை தம்பி, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நாலாம் நாள் சாவகச்சேரி லொறிக்காரர் வந்து கிடாரங்களைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பெரிய கிடாரத்தைக் காலால் உதைத்து, "இது என்ன, ஓட்டையோ?" என்று கேட்டார்.

கையால் தட்ட வேண்டியதைக் காலால் உதைத்ததைக் கிடாரத்தாரால் தாங்க முடியவில்லை. லொறிக்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு நேரே என் கடைக்கு வந்தார்.

"தம்பி, அந்த வெறும் பிளாஸ்டிக் பெட்டியை எடுப்பம்."

"அண்ணை, அது சத்தமில்லையெண்டு..."

"மாவுச்சாக்கைத் தட்டினாலும்தான் சத்தம் வராது. அதுக்காக மா இல்லையெண்டு சொல்லேலுமோ? விசர் வேலை பாத்திட்டன்."

தன் காது பிழைத்ததாக அவர் ஒத்துக்கொண்டதை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். ஈயப் பற்றரிகள் கரண்ட் போகிற நேரம் பவளமக்காவின் குசினிக்கு வெளிச்சம் தருகிற வேலைக்குப் போயின. லிதியம் பற்றரி இருக்கைக்குக் கீழே ஏறியது.

அன்னதானத்துக்கு முதல் நாள் காலை கிடாரங்கள் ஏறின. "பின்னாலை வராதையும், எனக்கு வெக்கமாக் கிடக்கு" என்றார். ஓம் என்றேன். கொஞ்சம் பொறுத்துப் பின்னாலேயே போனேன். காற்று என் மோட்டார் சைக்கிளையே ஆட்டியது. முன்னால் கிடாரங்கள் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தன. வெளியின் நடுவில், போன முறை நின்ற அதே இடத்துக்குக் கிட்ட, மறுபடியும் நின்றன.

ஓடிப் போனேன். கிடாரத்தார் இறங்கி வீதிக்கரையில் நின்று நீரேரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணை, பற்றரியோ?"

"பற்றரி பாதிக்கு மேலை கிடக்கு." கையை நீட்டினார். ஆழமில்லாத தண்ணீரில் கொக்குகள் வெள்ளையாக, எண்ண முடியாத அளவுக்கு நின்றன. "இவ்வளவு வருசமா உந்த வழியாலை போறன், தம்பி. சில்லைப் பாத்துக் குனிஞ்சு மிதிச்சதிலை உங்கை கொக்கு நிக்கிறதே எனக்குத் தெரியாது."

காற்றில் மணல் கண்ணுக்குள் போய்விட்டது என்று சொல்லி நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் காற்றில் மணலே இருக்கவில்லை. அந்த மனிதர் தலைநிமிர்ந்து நிற்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோசம். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நடுவிரலை மடக்கினார். ஹெல்மெற்றில் டொக் டொக்.

காதைச் சரித்து, கண்ணை மூடி, வழக்கத்தை விடக் கொஞ்சம் அதிக நேரம் கேட்டார்.

"நல்ல சத்தம்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.